சூடேறினால் நின்றுவிடும் கார்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் இன்றைக்கு ஓடுகிற கார்களில் இருபது வயதைத் தாண்டியவை நிறைய. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அந்த வழி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும், வரியெல்லாம் சேர்ந்த விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்களைத்தான் எனக்கு அதிகம் தெரியும். ஆகவே கையில் இருக்கிற பழைய காரைத்தான் நம்பியிருக்கிறோம்.

பழைய காருக்கு வருகிற கோளாறுகளில் ஆளை ஆக அலைக்கழிப்பது ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். திறப்பைத் திருகினால் செல்ஃப் அடிக்கும், அதாவது ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுற்றும், ஆனால் ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் நிழலில் நின்றுவிட்டு வந்து திருகினால் உடனே ஸ்டார்ட் ஆகும். கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் காட்டாது.

இந்தக் கோளாறுக்கு ஒரு குடும்பம் எவ்வளவு பணத்தைக் கொட்டுகிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். பட்டரி மாற்றுவார்கள், பிளக் மாற்றுவார்கள், பெற்றோல் பம்ப் மாற்றுவார்கள். ஒவ்வொரு சாமான் மாறிய பிறகும் கார் சில நாள் நன்றாக ஓடும். மாற்றாமல் விட்டிருந்தாலும் அந்தச் சில நாள் ஓடித்தான் இருக்கும் என்பதை யாரும் நினைப்பதில்லை. மறுபடி நிற்கும்போது அடுத்த சாமான்.

நான் மெக்கானிக் இல்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் பாடம் படித்து, கொஞ்சக் காலம் கராஜில் வேலை பழகி, பிறகு வேறு வேலைக்குப் போனவன். படித்ததையும் பார்த்ததையும் வைத்து உறுதியாகச் சொல்வேன்: கார் நின்று கிடக்கிற அந்த அரை மணி நேரம்தான் கோளாறைப் பிடிக்கக் கிடைக்கிற நேரம். அந்த நேரத்தில் நாம் வீதியோரம் நின்று ஓட்டோ கூப்பிடுகிறோம், இல்லையென்றால் பொனட்டைத் திறந்து விசிறுகிறோம். எஞ்சின் ஆறியதும் குறையும் மறைந்துவிடுகிறது.

என் மச்சானுடைய காரைச் சொல்கிறேன். யப்பானில் ஓடி, இங்கே ரிகண்டிஷனாக வந்து, கை மாறிக் கை மாறி அவரிடம் வந்த கார். அவர் களுவாஞ்சிகுடி. மாமிக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கிளினிக். மாமியைப் பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாது என்பதால்தான் அந்தக் காரையே வைத்திருக்கிறார். கழுதாவளை, தேற்றாத்தீவு, குருக்கள்மடம், கிரான்குளம் என்று ஆரையம்பதி வரைக்கும் ஒரு கரைச்சலும் இல்லாமல் வரும். காத்தான்குடிக்குள் நுழைந்ததும், வீதி நடுவில் ஈச்ச மரங்கள் நிற்கிற அந்தப் பகுதியில் நெரிசல். ஏசி ஓடும், வெயில் உச்சியில் நிற்கும், கார் ஊர்ந்து போகும். நெரிசல் முடிந்து கல்லடியை எட்டும்போது பொசுக்கென்று நிற்கும். விடியற்காலையில் புறப்பட்ட நாட்களில் நிற்பதே இல்லை.

இந்தக் கதையிலேயே பாதி விடை இருக்கிறது. கார் ஓடும்போது முன்னாலிருந்து வருகிற காற்று எஞ்சின் அறைச் சூட்டை வெளியே தள்ளும். ஊர்ந்து போகும்போது தள்ளாது, சூடு உள்ளேயே சேரும். ஆகவே தேட வேண்டியது சூட்டில் கெட்டு ஆறினால் சரியாகிற ஒரு பொருளை. பிளக் அப்படிப்பட்டதல்ல. பட்டரியும் அல்ல. அது பலவீனமாக இருந்திருந்தால் செல்ஃபே இழுத்து இழுத்துத்தான் அடித்திருக்கும். சந்தேகப்பட வேண்டியவை எஞ்சின் சுற்றுவதைக் கம்பியூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சர், பிளக்குக்குப் பொறி தருகிற கொயில், பெற்றோல் பம்ப், அந்தப் பம்புக்கு மின்சாரம் கொடுக்கிற ரிலே. ரிலேயின் உள்ளே ஈயம் பற்றவைத்த இடத்தில் மயிரிழை போல வெடிப்பு விழும். சூட்டில் விரிந்தால் தொடுப்பு விடும், ஆறினால் சேரும். இத்தனை சாமானையும் விட்டுவிட்டு ஒருவர் பட்டரியை மாற்றச் சொன்னால், எதைப் பார்த்து அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கேட்க வேண்டும்.

கார் நின்றவுடன் முதல் வேலை உயிர் காப்பது. எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், ஆனால் திரும்பும். பிரேக்கும் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வழக்கம்போல் பிடிக்கும். பிறகு கல் மாதிரி ஆகிவிடும், பலம் கொண்டு மிதிக்க வேண்டும். ஆகவே பிரேக்கை மிதித்து மிதித்து விடாமல், ஒரே மிதியில் ஓரம் கட்டி, நான்கு சிக்னலையும் போடுங்கள். கல்லடியில் 1924 இல் கட்டிய பழைய பாலம் மட்டும் இருந்த காலத்தில் ஒரு கார் இடையில் நின்றால் இரண்டு கரையும் நின்றுவிடும். ஒற்றை வழிப் பாலம் அது. 2013 இல் புதுப் பாலம் திறந்த பிறகு அந்தப் பயம் இல்லை என்றாலும், பாலத்தில் நின்றுகொண்டு பொனட்டுக்குள் தலையை விடாதீர்கள். தள்ளி அப்பால் கொண்டுபோன பிறகு பாருங்கள்.

ஓட்டோ கியர் கார் என்றால், டிரைவில் நின்ற வண்டி டிரைவிலேயே இருக்கும்போது செல்ஃப் அடிக்காது. பார்க்குக்கோ நியூட்ரலுக்கோ மாற்றிவிட்டுத் திருக வேண்டும். பதற்றத்தில் இதை மறந்து, கார் செத்துவிட்டது என்று இழுவை வண்டிக்குக் கோல் எடுத்தவர்கள் உண்டு.

இனி, செல்ஃப் அடிக்கிறதா இல்லையா? இந்த ஒரு கேள்வி தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். கடகடவென்று அடுத்தடுத்து டிக் டிக் சத்தம் மட்டும் வந்தால் பட்டரியில் போதிய பலம் இல்லை, அல்லது டேமினல் பிடிக்கவில்லை. பெரிதாக ஒரே ஒரு டிக் என்றால் ஸ்டார்ட்டர் பக்கம் பாருங்கள். வழமைபோல் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பட்டரியையும் ஸ்டார்ட்டரையும் விட்டுவிடலாம். வழமையைவிட வேகமாக, தடையே இல்லாமல் சர்ரென்று சுற்றினால் உடனே நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். சில எஞ்சின்களில் அந்த நிலையில் தொடர்ந்து சுற்றினால் வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டு வளைந்துவிடும். எந்தக் காராக இருந்தாலும் ஒரு தடவைக்குப் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். ஸ்டார்ட்டர் ஆறக் கொஞ்ச நேரம் விட்டு அடியுங்கள்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். பெற்றோல் எஞ்சினுக்குப் பெற்றோல், காற்று, பொறி, அமுக்கம் நான்கும் வேண்டும், சரியான நேரத்துக்குச் சேரவும் வேண்டும். நேற்றுவரை ஓடிய காரில் இந்த நான்கும் ஒரே நேரத்தில் போகாது. ஒன்று போயிருக்கும்.

கண்ணாலும் காதாலும் மூக்காலும் பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. திறப்பை ஆனில் வைத்துவிட்டு, செல்ஃப் அடிக்காமல், பின் சீற்றுப் பக்கம் காதைக் கொடுங்கள். பல கார்களில் பெற்றோல் பம்ப் இரண்டு விநாடி உறுமி நிற்பது கேட்கும். வீட்டில் கார் நன்றாக இருக்கும் நாளிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது. சில பழைய யப்பான் கார்களில் செல்ஃப் அடிக்கும்போது மட்டும்தான் பம்ப் ஓடும். உங்கள் கார் எந்த வகை என்று தெரியாமல், சத்தம் வரவில்லை, பம்ப் போய்விட்டது என்று முடிவெடுக்கக்கூடாது. டாஷ்போர்டில் திறப்புப் படம் போட்ட விளக்கு விடாமல் மின்னினால், கார் உங்கள் திறப்பை அடையாளம் காணவில்லை. மற்றத் திறப்பு இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். பெற்றோல் மணம் மூக்கைத் துளைத்தால் எஞ்சினுக்குள் பெற்றோல் கூடியிருக்கலாம். இன்ஜெக்‌ஷன் காரில் அக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடி செல்ஃப் அடித்தால், பெரும்பாலான கார்களில் கம்பியூட்டர் பெற்றோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும். கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும்.

பலர் பார்க்காத ஒன்று ஆர்பிஎம் முள். செல்ஃப் அடிக்கும்போது அந்த முள் 200, 300 அளவுக்கு மெல்ல எழும்ப வேண்டும். எஞ்சின் சுற்றுகிறது, முள் பூச்சியத்தை விட்டு அசையவில்லை என்றால், எஞ்சின் சுற்றுகிற செய்தி கம்பியூட்டருக்குப் போகவில்லை என்று நினைக்க இடம் உண்டு. அந்தச் செய்தியை அனுப்புவதுதான் கிராங்க் சென்சர். கிராங்க் தண்டோடு சேர்ந்து சுற்றுகிற பல்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு துடிப்பை அனுப்பும். துடிப்பு வராவிட்டால் எந்த நேரத்தில் பொறி கொடுப்பது, எந்த நேரத்தில் பெற்றோல் விடுவது என்று கம்பியூட்டருக்குத் தெரியாது. இரண்டையும் நிறுத்திவிடும். எல்லாக் காரிலும் முள் இப்படிக் காட்டாது என்றாலும், பார்ப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

மச்சானின் காரில் முள் எழும்பவில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதுவரை பட்டரி, பிளக், பம்ப் எல்லாம் மாறி முடிந்திருந்தது. காத்தான்குடியில் ஒரு நானா இருக்கிறார், வயரிங் வேலைக்காரர், வீட்டோடு சேர்ந்த சின்னக் கராஜ். அவரிடம் காரைக் கொண்டுபோய் விட்டபோது அவர் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை.

“ஓடுற காரக் கொண்டுவந்து என்னத்தத் தம்பி காட்டப் போறீங்க? நிண்ட உடன எனக்குக் கோல் எடுங்க, நான் வாறன். பொனட்டத் திறந்து விசிறாதீங்க. ஆறினா அது ஒளிச்சிரும்.”

எனக்கு அந்த மனிதர் மேல் மதிப்பு வந்தது அப்போதுதான். அன்றைக்கே ஏதாவதொரு சாமானை மாற்றிக் காசு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அடுத்த கிளினிக் நாளில் கார் வழமையான இடத்தில் நின்றதும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு டெஸ்டர் விளக்கு, ஒரு மீற்றர், ஒரு சோடாப் போத்தல் நிறையத் தண்ணீர். மாமியை ஓட்டோவில் அனுப்பிவிட்டு நாங்கள் நின்றோம். முதலில் பிளக்குக்குப் பொறி வருகிறதா என்று பார்த்தார். இல்லை. இன்ஜெக்டர் வயரில் டெஸ்டரை வைத்து மச்சானைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். விளக்கு மின்னவில்லை. பொறியும் இல்லை, இன்ஜெக்டருக்குக் கட்டளையும் இல்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று போயிருக்கிறது. கிராங்க் சென்சரின் வயர் இணைப்பைக் கழற்றி மீற்றரால் அளந்தார், அளவே காட்டவில்லை. உள்ளே இருக்கிற கம்பிச் சுற்று சூட்டில் அறுந்து நிற்கிறது. பிறகு சென்சர் மேல் மட்டும் படும்படி தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினார். மறுபடி அளந்தபோது மீற்றர் எண்ணைக் காட்டியது. வயர் இணைப்பை மாட்டி, திறப்பைத் திருகச் சொன்னார், கார் பிடித்தது.

எஞ்சின் இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆறியது அந்தச் சென்சர் மட்டும். இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. தண்ணீர் ஊற்றுவதைத் தெரியாதவர்கள் செய்ய வேண்டாம். கொதிக்கிற எஞ்சின் கட்டியிலோ சைலன்சர் பக்கத்திலோ குளிர்ந்த தண்ணீர் பட்டால் இரும்பு வெடிக்கலாம். சென்சர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர், அதன் மேல் ஈரத்துணியைப் போட்டே சோதிக்கலாம். இன்னொன்று: எல்லாக் கிராங்க் சென்சரையும் இப்படி மீற்றரால் அளக்க முடியாது. கம்பிச் சுற்று உள்ள இரண்டு வயர் வகைக்குத்தான் இந்தச் சோதனை பொருந்தும்.

ஸ்கேனரைப் போட்டால் தெரிந்திருக்குமே என்று சிலர் கேட்பார்கள். தெரிந்திருக்கலாம். பி 0335 என்ற குறி கிராங்க் சென்சர் சுற்றுக்கு உரியது. ஆனால் யப்பானின் உள்ளூர்ச் சந்தைக்காகச் செய்த பழைய கார்கள் பல, இங்கே இருக்கிற சாதாரண ஸ்கேனருக்கு ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. இப்படி விட்டு விட்டு வருகிற கோளாறு குறியைப் பதியாமல் போவதும் உண்டு. ஸ்கேனர் “கோளாறு இல்லை” என்று சொன்னது, கோளாறு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

எங்கள் ஊருக்கென்றே இன்னொரு வியாதி இருக்கிறது, உப்பு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய நிலம். கல்லடி, நாவலடி, பெரியகல்லாறு போன்ற இடங்களில் கடற்காற்று இரும்பையும் செம்பையும் தின்னும். பட்டரி டேமினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கிறதை எல்லோரும் பார்க்கிறோம், துடைக்கிறோம். பட்டரியின் மைனஸிலிருந்து எஞ்சினுக்கும் காரின் இரும்பு உடலுக்கும் போகிற தடித்த ஏர்த் வயரைப் பார்ப்பவர் குறைவு. அது போல்ட்டோடு சேருகிற இடத்தில், வெளியே பார்க்க நன்றாக இருக்கும்போதே உள்ளே துரு ஏறிவிடும். கல்லடிக் கடற்கரைப் பக்கம் இருக்கிற ஒரு நண்பருக்கு அதுதான் நடந்தது. புதுப் பட்டரி போட்டும் டிக் டிக்தான். மீற்றரின் ஒரு முனையைப் பட்டரி மைனஸிலும் மற்ற முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடித்துப் பார்த்தோம். அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டியது அதைத் தாண்டி எங்கோ போனது. ஒரு ஜம்பர் வயரை எடுத்து மைனஸிலிருந்து நேராக எஞ்சின் இரும்புக்குக் கொடுத்ததும் கார் ஸ்டார்ட் ஆனது. ஏர்த் வயரைக் கழற்றி, சேருகிற இடத்தை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். புதுப் பட்டரி தேவைப்பட்டிருக்கவே இல்லை.

பட்டரியைச் சந்தேகிப்பதானால் அளந்து சந்தேகியுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12 க்குக் கீழே என்றால் வெறுமை. செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 9.6 க்குக் கீழே விழக்கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 க்கும் 14.5 க்கும் இடையில் நின்றால் ஓல்டனேட்டர் சார்ஜ் கொடுக்கிறது. ஹைபிரிட் காரிலும் ஒரு சிறிய 12 வோல்ட் பட்டரி உண்டு, அது விழுந்தால் கார் விழிக்கவே விழிக்காது. ஆனால் ஹைபிரிட்டில் செம்மஞ்சள் உறை போட்ட வயர் எதையும் தொடாதீர்கள். அதில் இருப்பது உயிரை எடுக்கிற மின்னழுத்தம்.

பெற்றோல் பம்ப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்தோம். பிறகு பெற்றோலைப் பங்கிடக் கியூஆர் குறி முறை வந்து, தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். தாங்கியின் அடியில் கொஞ்சம் வைத்து ஓடுகிற பழக்கம் அப்போது பலருக்குத் தொற்றியது, இன்னும் விடவில்லை. தாங்கிக்குள் இருக்கிற பம்பைக் குளிரவைப்பது அந்தப் பெற்றோலேதான். எப்போதும் கால் தாங்கிக்குக் கீழே ஓடினால் பம்ப் சூடாகும், அடியில் படிந்த அழுக்கையும் இழுக்கும். சூட்டில் கார் நின்று, பொறி நன்றாக வந்து, பம்ப் சத்தம் மட்டும் இல்லையென்றால் முதலில் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள். அதே வடிவ ரிலே ஹோர்னுக்கும் இருந்தால் அதை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பிறகு பம்ப்.

கராஜுக்குக் கொண்டுபோகும்போது “கார் நிக்குது” என்று மட்டும் சொல்லாதீர்கள். சூடாகவா குளிராகவா, ஏசி ஓடியதா, சிக்னல் விளக்கில் நின்றபோதா வேகமாகப் போனபோதா, முள் எழும்பியதா, பம்ப் கேட்டதா, எவ்வளவு நேரத்தில் மறுபடி பிடித்தது என்று எழுதிக் கொடுங்கள். சந்தியில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நின்று, அக்சிலேட்டர் கொடுத்தால் உடனே பிடிக்கிற கார் வேறு கதை. அது அநேகமாக எஞ்சினுக்குக் காற்று விடுகிற துரொட்டிலில் அழுக்கு அல்லது அக்சிலேட்டர் கொடுக்காதபோது காற்று விடுகிற ஐடில் வால்வு, கழுவினாலே சரியாகலாம். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். சரியான மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். அந்த நானா கோபப்படவில்லை, சந்தோஷப்பட்டார்.

இனி மாரி. கார்த்திகை, மார்கழியில் கிரான், வெல்லாவெளிப் பக்கம் வீதிக்கு மேலால் வெள்ளம் போகும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் போன மதரசா மாணவர்களை வெள்ளம் கொண்டுபோனது. ஓடுகிற தண்ணீரில் எந்த வாகனத்தையும் இறக்க வேண்டாம், எவ்வளவு அவசரம் என்றாலும். தேங்கி நிற்கிற தண்ணீரில் கார் நின்றுபோனாலும், மேலே சொன்ன எந்தச் சோதனைக்கும் இடமில்லை. திறப்பைத் திருகவே கூடாது. காற்று போகிற வழியால் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மேலே வரும்போது அதைக் கிராங்க் தண்டோடு இணைக்கிற தடிதான் வளையும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, முதலில் காற்று ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது ஈரமென்றால் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் செல்ஃப் அடிக்க வேண்டும், உள்ளே தண்ணீர் இருந்தால் பிளக் துளையால் வெளியே அடிக்கும். பிறகு எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் வெளிறிப் பால் நிறமாக இருந்தால், அதையும் எண்ணெய் ஃபில்டரையும் மாற்றும்வரை எஞ்சினை ஓடவிடக்கூடாது.